நீலப் பூவுக்குப் பதிலாக

ஸ்டானிஸ்லாஸ் கொடுத்த நாற்பது விதைகளில் முப்பத்தொன்று முளைத்துவிட்டதாக ஜெகதீசன் மாடித்தோட்டக் குழுவில் படத்துடன் அறிவித்தபோது அது உண்மையாகவே இருந்தது. அந்தச் செடியைப் பற்றி அதன்பிறகு மாதக்கணக்கில் அவன் சொன்ன எதுவும் உண்மையாக இல்லை.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை மொட்டைமாடிகளில் செடி வளர்க்கும் இருநூற்றுச் சொச்சம் பேர் அந்த வாட்ஸாப் குழுவில் இருந்தார்கள். ஜெகதீசன் அதன் நிர்வாகி. காசிமேட்டுத் துறைமுக வாசலையொட்டி, விசைப்படகு இன்ஜின்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் அவனுக்கு வேலை. கத்தரி இலை சுருண்டால், மிளகாய்ப் பூ உதிர்ந்தால், யாராவது படமெடுத்து அனுப்புவார்கள். இரண்டு வாடிக்கையாளர்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் அவன் பதில் எழுதுவான். ‘விதை டாக்டர்’ என்று யாரோ கேலியாக வைத்த பெயரில் இருந்த கேலி நாளடைவில் அவன் காதுக்குக் கேட்காமல் போயிருந்தது.

ஸ்டானிஸ்லாஸுக்கு ஐம்பத்தாறு வயது. கல்மண்டபத்தில் சொந்தமாக லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். படகுகளின் இரும்புச் சுழல்தண்டுகளைக் கடைந்து கொடுக்கும் தொழிலால் கடைக்கு அடிக்கடி வருபவர். சென்ற அக்டோபரில் ஒரு நாள், உள்நாட்டுத் தபால் உறை ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே மெல்லிய தாளில் மடித்த விதைகள். கறுப்பாக, தட்டையாக, ஓர் ஓரத்தில் சிறகுபோல மெலிந்து, நிலக்கரிச் சிலாம்புகளைப் போலிருந்தன.

“எந்தங்கச்சி அனுப்சிக்கிறா ஜெகா. குன்னூர்லேர்ந்து. ரெண்டு வருசம் கயிச்சி இப்பத்தான் வாயத் தொறந்துக்கிறா. அதுவும் எங்கைல இல்ல, கவர்கைல.”

இரண்டு வருட மௌனத்தின் காரணம் ஜெகதீசனுக்குத் தெரியும். அந்தப் பகுதியில் எல்லோருக்குமே தெரியும். புயல் வெள்ளத்தின்போது அவர்களுடைய தாய் இறந்தார். நான்கு நாட்கள் மின்சாரம் இல்லை; உடலை வைக்கும் குளிர்பெட்டி வெறும் பெட்டியாகக் கிடந்தது. ரயில்கள் நின்றுவிட்டன. தங்கை ஞானம் வந்துகொண்டே இருப்பதாகச் சொன்னாள். ஸ்டானிஸ்லாஸ் ஒரு நாள் காத்திருந்தார். மறுநாள் காத்திருக்க முடியவில்லை. இடுப்பளவு நீரில் பெட்டியைச் சுமந்துபோய் அடக்கம் செய்தார்கள். அதற்கடுத்த நாள் வந்த ஞானம் வாசற்படியில் நின்று வீட்டுக்குள் ஒருமுறை பார்த்தாள். செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போய்விட்டாள்.

உறைக்குள் ஒரு கடிதமும் இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் அதை அவனிடம் நீட்டினார். ‘அண்ணனுக்கு. என் வீட்டு வாசலில் பூக்கும் செடி இது. பெயர் அகபாந்தஸ். நீலமாகப் பூக்கும். விதையிலிருந்து பூக்க மூன்று நான்கு வருடம் ஆகுமாம். பூத்தால் அம்மாவிடம் வை. ஞானம்.’

“எங்கைக்கு எதுவும் வராது. கடப்பாறைய நட்டாக்கூட துருப்புடிச்சிக்கும். நீ மொளைக்க வெச்சிக் குடு. பாதி நீயே வெச்சிக்கோ.”

“நாலு வருசம் ஆவும்ணா.”

“ஆவட்டும். அவ ரெண்டு வருசம் பேசாம இருந்தா. நான் நாலு வருசம் தண்ணி ஊத்த மாட்டனா?”

ஜெகதீசன் விதைகளை மீன்பெட்டியில் விதைத்தான். அந்தத் தெருக்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஏலக்கூடத்தில் பனிக்கட்டியுடன் மீன் ஏற்றி ஏற்றி மூலை உடைந்த தெர்மாகோல் பெட்டிகள் சும்மாவே கிடைக்கும். எடையில்லாதவை, சித்திரை வெயிலிலும் வேரைச் சுடவிடாதவை. கீரையும் தக்காளியும் அவற்றில் செழித்ததைப் பார்த்து அவனே பலருக்குப் பரிந்துரைத்திருந்தான். பெட்டியை மூன்று தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்தான். தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் மணலும் கலந்து நிரப்பி, விதைகளை மேலாகத் தூவி, கண்ணுக்குத் தெரியாத அளவு மண் மூடினான். இருபத்திரண்டாம் நாள் முதல் நாற்று, விதையின் கறுப்புத் தோலைத் தலையில் தொப்பிபோல மாட்டிக்கொண்டு வளைந்து எழுந்தது. முப்பத்தொன்று வரை எண்ணிப் படமெடுத்தான். தொண்ணூறு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

மூன்று தண்ணீரில் போவது பெட்டியின் மேலிருந்த அழுக்கு மட்டும்தான். ஆண்டுக்கணக்காக உப்புநீரில் ஊறிய அந்த வெள்ளை மணிகளின் இடுக்குகளில் உப்பு தங்கியிருந்தது; ஒவ்வொருமுறை நீர் ஊற்றும்போதும் சிறிது சிறிதாக மண்ணில் இறங்கியது. முப்பது நாளில் அறுவடையாகும் கீரைக்கு அது தெரியவில்லை. ஆண்டுகள் நிற்கவேண்டிய செடிக்குத் தெரிந்தது. மார்கழிக் கடைசியில் நாற்றுகளின் நுனி பழுத்தது. தாகம் என்று நினைத்து அவன் இன்னும் நீர் ஊற்றினான். பொங்கலுக்கு மறுநாள் முப்பத்தொன்றும் மண்ணோடு படுத்துவிட்டன. அவன் பெட்டியின் மூலையில் விரலை அழுத்தி, ஒட்டிய ஈரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தான். மூன்று தலைமுறையாகக் கடலில் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவன், உப்பை அடையாளம் காண மூன்று மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறான் என்பதே அவனுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் மிகச் சிறியது. அதை அன்றே வெளியே சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாற்றுகளை எடுத்துக்கொள்ள ஸ்டானிஸ்லாஸ் வருவதாக இருந்தது. சனிக்கிழமை மாலை ஜெகதீசன், மாடி மூலையில் தொட்டி நிறைய அடர்ந்து கிடந்த மழை லில்லியைக் கவிழ்த்தான். பட்டாணி அளவுள்ள குட்டிக் கிழங்குகளாகப் பன்னிரண்டைப் பொறுக்கி, இலைகளை இரண்டு விரற்கடை நீளத்துக்குக் கத்தரித்து, புதிய தொட்டிகள் மூன்றில் நான்கு நான்காக நட்டான். மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு மேலே வந்த அவன் மனைவி கெங்கம்மா சற்றுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாயா, மழப்பூவுக்கு முடி வெட்டிகினு கீற?”

“சும்மா.”

“நாளிக்கி ஸ்டானிஸ் அண்ணன் வராருன்ன?”

அவன் கடைசித் தொட்டியில் மண்ணை அழுத்தினான்.

“மீனு கெட்டா கெட்டுப்போச்சின்னு சொல்லித் தூக்கிக் கடாசிடுவேன் நானு. செவுளுக்குச் சாயம் பூசி விக்கிறவள எங்க மார்க்கெட்ல இன்னான்னு ஏசுவாங்க தெரியுமா ஒனக்கு?”

“கொஞ்ச நாளைக்குத்தான் கெங்கா. வேற வெதை வரவெச்சி, மொளைச்சதும் மாத்திப்புடுவேன்.”

“நல்லா மாத்துவ. டாக்டராம்ல, டாக்டரு” என்று சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கினாள்.

வேறு விதையை அவன் வரவழைக்கத்தான் செய்தான். இணையத்தில் வாங்கிய முதல் பொட்டலத்தில் நாற்பது நாள் காத்தும் ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. அகபாந்தஸ் விதை பறித்த சில மாதங்களில் உயிர் இழந்துவிடும் என்பதை அவன் அப்போதுதான் படித்து அறிந்தான். ஞானம் அனுப்பியவை முளைத்தது அவை அவள் கையில் உதிர்ந்த சூட்டோடு வந்தவை என்பதால்தான். அவ்வளவு சிறிய மழை லில்லிக் கிழங்குகள் முதல் ஆண்டில் பூக்காது என்ற கணக்கு மட்டுமே அவனிடம் மிஞ்சியிருந்தது.

ஸ்டானிஸ்லாஸ் அந்தத் தொட்டிகளை வளர்த்த விதத்தைப் பார்ப்பதுதான் அவனுக்குத் தாங்கமுடியாததாக ஆயிற்று. எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து சாம்பல் காற்றில் வந்து இலைகளில் படிந்தால், பழைய பனியனை நனைத்து ஒவ்வோர் இலையாகத் துடைத்தார். ஜெகதீசனின் குறிப்பைப் பின்பற்றி மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்து உரமாக மீன் அமிலம் தயாரித்தார், பட்டறையே நாறியது. ஞாயிறுதோறும் தொட்டிகளைப் படமெடுத்து ஞானத்துக்கு அனுப்பினார். முதலில் அவள் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு ஒரு வரி வந்தது. மார்ச் மாதம் அவளே அழைத்தாள்.

“நேத்து முக்காமணி நேரம் பேசினா, ஜெகா” என்றார் ஸ்டானிஸ்லாஸ், கடையில் வந்து நின்று. “அம்மாவப் பத்தி ஒண்ணியும் பேசல. செடியப் பத்தியே பேசினா. எலை இன்னாத்துக்கு இவ்ளோ மெல்லிசா கீதுன்னு கேட்டா.”

“நம்மூரு வெயிலுக்கு அப்டித்தாண்ணா வரும்.”

“நானும் அதான் சொன்னேன். டாக்டரு பாத்துகினு கீறாரு, நீ கம்முனு இருன்னேன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நவம்பர்ல கல்லறைத் திருநாளுக்கு வராளாம். அம்மா குழிய அவ இன்னும் பாக்கல. நேரா வூட்டுக்கே வரேன்னுட்டா.”

ஜெகதீசன் பெட்டி ஒன்றைத் திறந்து ஆயில் சீல்களை அடுக்க ஆரம்பித்தான். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

மே மாதக் கடைசியில் ஒரு மாலை முழுக்கக் கோடைமழை பெய்தது. மூன்றாம் நாள் காலை ஸ்டானிஸ்லாஸ் அழைத்து, உடனே வரச்சொன்னார். குரலில் எதுவும் தெரியவில்லை. அவர் வீட்டு மாடிப் படியேறும்போதே ஜெகதீசனுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று தொட்டிகளிலும், ஒரு சாண் உயரத் தண்டுகளின்மேல், ஐந்து இளஞ்சிவப்புப் பூக்கள் மழைக்குப் பிந்திய வெயிலில் விரிந்து நின்றன. அவனுடைய கணக்கை மீன் அமிலம் பொய்யாக்கியிருந்தது. அதைத் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான்.

“நீ சொல்லு டாக்டரு. இது இன்னா?”

“மழை லில்லிண்ணா.”

“எனக்கும் தெரிஞ்சிது. மழ வுட்டா போலீஸ் ஸ்டேசன் வாசல்ல மொளைச்சிகினு கீது. அதுக்கு இன்னாத்துக்கு குன்னூரு?” அவர் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். “வெதைலியே தப்பா? இல்ல, ஒங்கைல ஏதாச்சும் மாறிப்போச்சா?”

அந்தக் கேள்வியில் சந்தேகம் இல்லை. எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வரவேண்டும் என்ற, இரும்புத் தண்டின் விட்டத்தை இருமுறை அளந்துவிட்டுக் கடைகிறவரின் நேர்மை மட்டுமே இருந்தது. பதில் சொல்வதற்கு ஜெகதீசனுக்குப் போதுமான நேரமும் இருந்தது.

“வெதைதாண்ணா. கலந்துட்டிருக்கும்.”

ஸ்டானிஸ்லாஸ் தலையசைத்தார். கைப்பேசியை எடுத்து, தங்கையின் பெயரைத் திறந்து, ஒலிச்செய்திக்கான குறியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு பேசினார்.

“ஞானம், பூ பூத்துச்சி. நீலம் இல்ல. தெருவோரத்துல மொளைக்கிற மழப்பூவு. வெதைலியே தப்புன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அம்மாவுக்கு வெக்க இதான் கெடச்சிதா ஒனக்கு? அன்னிக்கி நான் காத்துகினு இல்லேங்கிறதுக்காவ, புல்லுக்குத் தண்ணி ஊத்த வெச்சி வேடிக்க பாத்துகினு கீறியா? நீ வராத. வூட்டுக்கும் வராத, கல்லறைக்கும் வராத.”

விரலை எடுத்ததும் செய்தி போய்விட்டது. அவர் பேசிய நேரம் முழுவதும் ஜெகதீசன் ஒரு கை தூரத்தில் நின்றான். அந்த விரலைத் தட்டிவிட்டிருக்க முடியும் என்பதைப் பின்னர் பல நாட்கள் அவன் நினைத்துப் பார்த்தான். அன்று அவன் செய்ததெல்லாம் குனிந்து, தொட்டியிலிருந்த ஒரு காய்ந்த இலையைக் கிள்ளியதுதான். ஸ்டானிஸ்லாஸ் அங்கேயே தங்கையின் எண்ணையும் முடக்கினார்.

செய்தி குழுவுக்கு எட்டியதும் அவன்மேல் இரக்கம் பொழிந்தார்கள். விதை டாக்டரையே ஏமாற்றிவிட்டார்கள் என்றாள் எம்.கே.பி. நகரிலிருந்து ஒருத்தி. ‘குன்னூர் விதை யாரும் வாங்காதீங்க’ என்று எண்ணூர்க்காரர் ஒருவர் தடித்த எழுத்தில் எச்சரிக்கை போட்டார். ஜெகதீசன் அதை நீக்கவில்லை. இரண்டு கைகூப்பல்களைப் பதிலாகப் போட்டான். அதைப் போட்டுவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தபோது, கெங்கம்மா அவனைப் பார்க்காமலே சோற்றுத் தட்டை நகர்த்திவைத்தாள். அவள் ஏசியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

ஐந்தாம் நாள் பகலில் தெரியாத எண்ணிலிருந்து கடைக்கு ஓர் அழைப்பு வந்தது.

“ஜெகதீசன் சாரா? செடியெல்லாம் பாப்பீங்களே, நீங்கதானா? நான் குன்னூர்லருந்து ஞானம் பேசறேன். ஸ்டானிஸ்லாஸ் தங்கச்சி.”

அவன் பேரேட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“ஒங்களத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கங்க. அண்ணன் என் நம்பரை எடுக்க மாட்டேங்குறாரு. ஒங்க கடை நம்பரை அவர் ஒருதடவை எனக்கு அனுப்பியிருந்தாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் அந்த வெதைய ஒரே பூத்தண்டுலருந்துதான் எடுத்தேன். எங்கையாலதான் எண்ணினேன். ஆனா நீங்க வெவரம் தெரிஞ்சவரு, வெதை தப்புன்னு சொன்னீங்களாம். சாயங்காலம் இருட்டுல எடுத்தேனா, பக்கத்துல வேற எதுனா காய்ஞ்சு கெடந்துச்சா, ஒண்ணும் நெனப்பு வரல. நான் தப்பா அனுப்பிட்டேனா சார்? அப்படின்னா அண்ணன் கோவப்பட்டதுல ஞாயம் இருக்கு. மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

கோபத்தை அவன் எதிர்பார்த்திருந்தான். அதற்கான பதிலும் வைத்திருந்தான். தான் செய்யாத தவற்றைத் தன் நினைவுக்குள் தேடிக்கொண்டிருக்கும் ஒருத்தியை அவன் எதிர்பார்க்கவில்லை. “கடைல ஆள் நிக்கிறாங்க, சாயங்காலம் நானே கூப்புடறேங்க்கா” என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தான். கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டுக் கல்மண்டபத்துக்கு நடந்தான்.

லேத்து ஓடிக்கொண்டிருந்தது. ஜெகதீசன் சொன்னதன் முதல் வாக்கியம் இரைச்சலில் போயிற்று. ஸ்டானிஸ்லாஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “இன்னா?” என்றார். இரண்டாம் முறை சொல்வது கடினமாக இருந்தது.

“வெதை நல்ல வெதைதாண்ணா. முப்பத்தொண்ணும் மொளைச்சிது. நாந்தான் சாவடிச்சேன். மீன்பெட்டி உப்பு எறங்கிப் போச்சி. நீ எடுத்துகினு வந்தது எங்க மாடில இருந்த மழப்பூவு.”

ஸ்டானிஸ்லாஸ் கையிலிருந்த எண்ணெய்த் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“எப்பலேர்ந்து?”

“பொங்கல்லேர்ந்து.”

“அன்னிக்கி மாடில நான் அவகைல பேசினப்ப, நீ எங்க இருந்த?”

“பக்கத்துல.”

“பக்கத்துல” என்று அவர் திருப்பிச் சொன்னார். பிறகு துணியை மேசைமேல் எறிந்தார். “செத்துப்போச்சின்னு ஒரு வார்த்த, அவ்ளோதானடா? சொல்லியிருந்தா ஒன்ன இன்னா பண்ணியிருப்பேன்? அம்மா பொணத்த தண்ணில தூக்கிகினு போனவன் நானு. புல்லு செத்தா தாங்க மாட்டனா? அவகைல ‘ஞானம், பூட்ச்சி, வேற வெதை அனுப்பு’ன்னா, அனுப்பியிருப்பா. அதுக்கும் ஒரு தபா பேசியிருப்பா.”

குழுவில் உயர்ந்த தொண்ணூறு கட்டைவிரல்களைக் காரணமாகச் சொல்ல முடியுமா என்று ஜெகதீசன் ஒரு கணம் யோசித்தான். அதைவிடக் கேவலமான ஒரு காரணத்தை இந்தப் பட்டறைக்குள் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

“போன் போடு” என்றார் ஸ்டானிஸ்லாஸ். “ஒம் போன்லேர்ந்து போடு. நீயே சொல்லு. நான் கேக்கணும்.”

அவர் சொன்ன எண்ணை அவன் ஒலிபெருக்கியைப் போட்டு அழைத்தான். ஞானம் முதல் மணியிலேயே எடுத்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்: பெட்டி, உப்பு, கத்தரித்த இலைகள், வெயிலால் இலை மெலிந்தது என்ற பொய், மாடியில் சொன்ன கடைசிப் பொய். எந்த இடத்திலும் ‘தெரியாமல்’ என்ற சொல்லைச் சேர்க்காமலிருக்கப் பிரயாசைப்பட்டான். மறுமுனையில் ஏதோ ஒரு பேருந்து மலைவளைவில் ஒலியெழுப்பிக்கொண்டு போனது.

“அப்ப நான் தப்பா அனுப்பல” என்றாள் அவள்.

“இல்லக்கா.”

“அஞ்சு நாளா அந்தச் செடியப் பாக்கவே பிடிக்கல எனக்கு. வெட்டிரலாமான்னு கத்திய எடுத்துட்டுப் போயிட்டு வந்தேன்.” பிறகு, வேறு குரலில் கேட்டாள். “அண்ணன் பக்கத்துல இருக்காரா?”

ஸ்டானிஸ்லாஸ் வேகமாகத் தலையாட்டினார். இல்லை என்று கையையும் அசைத்தார். அவருடைய முகம் ஜெகதீசன் இதுவரை பார்த்திராத வகையில் சிறுத்திருந்தது. ‘கல்லறைக்கும் வராத’ என்று சொன்ன வாய் அது. அந்த வாயை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது என்ற திகைப்பு அதில் அப்பட்டமாக இருந்தது. அந்தத் திகைப்பை ஜெகதீசனுக்கு நன்றாகத் தெரியும். ஐந்து மாதமாக அவன் குடியிருந்ததே அதற்குள்தான். ‘வெளிய போயிருக்காருக்கா’ என்பது இரண்டே சொல். கேட்டு வாங்கப்படும் பொய். இரக்கத்தின் பொய் என்றுகூடச் சொல்லலாம். அது நாக்குக்கு வந்துவிட்டது.

“இருக்காருக்கா. இங்கதான் நிக்கிறாரு.”

ஸ்டானிஸ்லாஸ் அவனை அடிக்க வருபவர்போலப் பார்த்தார். ஜெகதீசன் கைப்பேசியை லேத்தின்மேல் இரும்புச் சுருள்களுக்கு நடுவே வைத்தான்.

“அண்ணா” என்றது கைப்பேசி.

யாரும் அதை எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தது. ஜெகதீசன் வெளியே வந்து சாலையோரம் நின்றான். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. உள்ளே என்ன பேசுகிறார்கள், பேசுகிறார்களா என்பதே கேட்கவில்லை. கேட்கும் உரிமை தனக்கில்லை என்பதால் அந்த இரைச்சல் அவனுக்கு உதவியாகவே இருந்தது. கைப்பேசி திரும்பிக் கிடைத்தபின் குழுவில் எழுதவேண்டியதை இப்போதே மனத்துக்குள் கோத்துப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் வாக்கியம் தன்னைக் காப்பாற்றும் ஏதோ ஒரு சொல்லோடு முடிந்தது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினான்.

அரைமணி நேரம் கழிந்திருக்கும். ஸ்டானிஸ்லாஸ் வாசலுக்கு வந்து கைப்பேசியை நீட்டினார். திரையெல்லாம் எண்ணெய்விரல் தடம். கண்கள் சிவந்திருந்தன. அவர் லாரிகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நவம்பர்ல வராளாம்.”

“சந்தோசம்ணா.”

“அவ இங்க கீற வரிக்கும் நீ எங்க வூட்டாண்ட வராத.” சற்று நிறுத்தி, “அப்பாலயும் நான் கூப்டாத வரிக்கும் வராத” என்றார்.

“சரி” என்றான் ஜெகதீசன். ஸ்டானிஸ்லாஸ் உள்ளே போனார். லேத்து மறுபடி ஓடத் தொடங்கியது.